ஓட்டிப் பார்க்காமல் மோட்டார்ஹோம் வாங்காதீர்கள்

மோட்டார்ஹோம், அதாவது கட்டில், அடுப்பு, குளியலறையோடு ஓடும் வீட்டு வண்டி, வாங்கும் யோசனையில் இருக்கும் நண்பர்கள் கேட்பதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். கட்டில் எவ்வளவு நீளம், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், கூரையில் சோலார் எத்தனை வாட். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உள்ளே எவ்வளவு சத்தம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. விற்கிறவர்களும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஏறுகிறோம், சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறோம், அலமாரிகளைத் திறந்து மூடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் வண்டி நம்முடையதாகிவிட்டது.

இரைச்சலைச் சொகுசுக் குறையாக நினைப்பதே தப்பு என்பேன். நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போது தலை கனப்பதற்கும், கூட வந்தவர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவதற்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வண்டிகள் ஏன் இப்படி இரைகின்றன? பெரும்பாலான மோட்டார்ஹோம்களை இரண்டு கம்பெனிகள் சேர்ந்துதான் உருவாக்குகின்றன. ஃபியட் டுகாட்டோ, மெர்சிடீஸ் ஸ்ப்ரின்டர், ஃபோர்ட் ட்ரான்சிட் போன்ற சரக்கு வண்டிகளின் முன்பகுதியும் சேஸி எனும் அடிச்சட்டமும் ஓரிடத்திலிருந்து வரும். அதன்மேல் வீட்டை வேறொருவர் கட்டுவார். சரக்கு வேனில் டிரைவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். மோட்டார்ஹோமில் முன் இருக்கைகளைத் திருப்பி வீட்டோடு சேர்க்க வேண்டும் என்பதற்காக அந்த இடம் திறந்தே இருக்கும். பின் டயரின் சத்தம், சமையல் மேடையின் கடகட, கூரை ஜன்னலின் ஊளை எல்லாம் நேராக டிரைவரின் காதுக்கு வந்துவிடும்.

அப்புறம் அந்த 'ங்ங்ங்' என்ற கனத்த முழக்கம். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிகிறது. நிமிடத்துக்கு 2,450 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 82 துடிப்பு, அதாவது 82 ஹெர்ட்ஸ். உள் அகலம் 2.1 மீட்டர் உள்ள ஒரு பெட்டிக்குள் பக்கச் சுவர்களுக்கு இடையே ஒலி எதிரொலித்து வலுக்கும் முதல் அதிர்வெண்ணும் ஏறத்தாழ அதே 82 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் வண்டியே முழங்க ஆரம்பிக்கும். கியரை மாற்றினாலோ வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலோ சட்டென்று அடங்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தாங்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

மொபைல் ஆப்பில் அளந்து '68 டெசிபல்தான் காட்டுது, பரவாயில்லை' என்பவர்களும் இருக்கிறார்கள். டெசிபல் சாதாரண எண் மாதிரி ஏறுவதில்லை. 3 கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும்; 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். அதோடு 'டிபி-ஏ' என்று காட்டும் அளவு தாழ்ந்த ஒலிகளைப் பெருமளவு கழித்துவிடும். 80 ஹெர்ட்ஸில் மட்டும் 22 டெசிபலுக்கு மேல் கழிகிறது. மேலே சொன்ன முழக்கம் அந்த எண்ணில் சரியாகத் தெரியாமல் போவது இதனால்தான். ஒரே மொபைலை ஒரே இடத்தில் வைத்து, மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட ஆப் போதும். அதைத் தாண்டி அதை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் (NIOSH) வேலையிடத்துக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு 8 மணி நேரத்துக்கு 85 டிபி-ஏ. ஒழுங்காகக் கட்டிய மோட்டார்ஹோமில் அந்த அளவு வராது. காது கெட்டுப்போவதை விட நாம் களைத்துப்போவதுதான் இங்கே பிரச்சினை.

சரி, என்ன செய்வது? இதில்தான் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சத்தம் என்றதுமே அதை அடக்கும் என்று விற்கும் கருப்பு ஷீட் சுருளை வாங்கி ஒட்டக் கிளம்பிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதல் வேலை, ஆடுகிற பொருள்களைப் பிடிப்பது. அடுப்பின் கம்பித் தட்டு, மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டு, ஓவன் டிரே, கரண்டி டிராயர், குளியலறைக் கதவு, ஜன்னல் திரையின் அடிக்கட்டை, யாரும் போடாத சீட் பெல்ட்டின் கொக்கி. இவை மொத்த டெசிபலைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. ஆனால் சீரான இரைச்சல் காதுக்குப் பழகிவிடும். எப்போது வரும் என்று தெரியாத 'டக்' பழகவே பழகாது. ஓடும் வண்டியில் எழுந்து நடந்து தேட வேண்டாம். ஒரு மொபைலில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஒரு நாள் அடுப்படி அலமாரிக்குள், இன்னொரு நாள் கட்டிலோரம் வையுங்கள். எந்த இடத்தில் சத்தம் உரக்கப் பதிவாகிறதோ, கைவைக்க வேண்டிய இடம் அதுதான். பழைய துண்டு, ஃபெல்ட் பட்டை, ஒரு வெல்க்ரோ நாடா போதும்.

அடுத்தது காற்று. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதில் உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. சந்தேகப்படும் விளிம்புகள்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதே சாலையில் மறுபடி ஓட்டுங்கள். சத்தம் குறைந்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. சோலார் பேனலின் முன்விளிம்பு, கூரை வென்ட், சுருட்டி வைத்த வெளிப்பந்தல் எல்லாம் இப்படித்தான் மாட்டும்.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். காற்று உண்டாக்கும் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளர்கிறது. 100-லிருந்து 90-க்கு இறங்கினாலே காற்றுச் சத்தம் கிட்டத்தட்ட 3 டெசிபல் குறையும். காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான். நண்பர்கள் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஷீட்டுக்கு வரலாம். அலுமினியம் பூசிய பியூட்டைல் ரப்பர் ஷீட், வண்டியின் தகடு அதிர்வதை அடக்கும், அவ்வளவுதான். முன் கதவுகளின் உட்புறம், கேபின் தரை, சக்கர வளைவுகள் அதற்கு ஏற்ற இடங்கள். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, பாதிப் பரப்பே நல்ல பலன் தரும். வீட்டுப் பகுதியின் சுவர் நுரை நடுவில் வைத்த சாண்ட்விச் பேனலாக இருந்தால் அங்கே ஒட்டுவது பெரும்பாலும் வீண். ஒலியைத் தடுக்க எடை வேண்டும். கனமான வினைல் விரிப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. பத்துச் சதுர மீட்டருக்கு 50 கிலோ ஆகிவிடும். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டும் பலருக்கு 3,500 கிலோதான் உச்சவரம்பு. தண்ணீரும் ஆளும் ஏறிய பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று முதலில் எடைமேடையில் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுகிறவர் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாக வேண்டும். பின்னால் இருப்பவர்கள் தாராளமாக மாட்டிக்கொள்ளட்டும்.

ஐநாவின் வாகன ஒழுங்குவிதி 51 வண்டியிலிருந்து தெருவுக்குப் போகும் சத்தத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய டயர் லேபிளில் உள்ள டெசிபலும் வெளிச் சத்தம்தான். உள்ளே அளப்பதற்கு ஐஎஸ்ஓ 5128 என்ற தர முறை 1980-லேயே வந்துவிட்டது. அளக்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டியின் லிட்டரை அச்சடிக்கும் பக்கத்தில் உள்ளே கேட்கும் டெசிபலையும் அச்சடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது வரும் வரைக்கும், வாங்கும் முன் அலமாரியில் பாத்திரங்களை ஏற்றி நெடுஞ்சாலையில் 90-ல் ஓட்டிப் பாருங்கள். பின் சாப்பாட்டு மேசையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் சாதாரணக் குரலில் பேச வேண்டும், உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த ஓட்டத்துக்குச் சம்மதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.