எத்தனை இரவு தங்குகிறார்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கிழக்கு லண்டனில் நாங்கள் சிலர் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் மண்டபத்துக்கு ஒரு தங்கை கைக்குழந்தையுடன் வந்திருந்தார். குழந்தையின் தகப்பன் லெஸ்டரில் தன் வயோதிபத் தாயைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வேலை செய்கிறார். தங்கை இங்கே ஓர் அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். இருவரும் மணம் முடிக்கவில்லை, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியதும் இல்லை, ஆனாலும் பிரிந்தவர்கள் அல்லர். வெள்ளி இரவு கோச்சில் வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடும் மனிதர் அவர். குறைந்த வருமானக்காரருக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்கான தங்கையின் கோரிக்கையை மீளப் பரிசீலிப்பதாக ஒரு கடிதம் வந்திருந்தது. அதைத் தொடர்ந்து தொலைபேசியில், அலுமாரியில் ஆணின் உடுப்பு இருக்கிறதா, அவருடைய துணியைத் துவைப்பது யார், மின்சாரக் கட்டணம் யாருடைய கணக்கிலிருந்து போகிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வாழும் இணையர் என்று முடிவு செய்தால் பணத்தைக் குறைக்கலாம் என்பதுதான் இதன் பின்னணி.

"அண்ணை, அவர் வந்து நிண்டு போறது குற்றமே? மூண்டு இரவுக்கு மேலே நிண்டால் காசை வெட்டிப்போடுவினமாம்" என்றார்.

நம் சனத்தின் நடுவே பல ஆண்டுகளாக உலவும் இந்த மூன்று இரவுக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. 2012ஆம் ஆண்டுச் சமூகநலச் சீர்திருத்தச் சட்டம், மணம் முடிக்காத இருவர் "மணமானவர்களைப் போல் சேர்ந்து வாழ்கிறார்களா" என்று மட்டுமே கேட்கிறது. அதை எடைபோடுவதற்கு 1982இல் பதிவான கிரேக் வழக்கிலிருந்து வழிகாட்டிகளாக எடுத்தாளப்படும் ஆறு அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களா, உறவு நிலையானதா, பணத்தால் ஒருவரையொருவர் தாங்குகிறார்களா, உடலுறவு உண்டா, பிள்ளைகள் உண்டா, வெளியுலகுக்குத் தங்களை இணையராகக் காட்டிக்கொள்கிறார்களா. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று முடிவு சொல்லாது. பிள்ளை இருக்கிறது என்பதற்காகவோ, தகப்பன் வார இறுதியில் வந்து போகிறார் என்பதற்காகவோ இரண்டு வாடகை, இரண்டு சமையல், இரண்டு கவுன்சில் வரி என்று நடக்கும் இரண்டு வீடுகள் ஒரே வீடாகிவிடா. தகப்பன் குழந்தைக்காகக் கொடுக்கும் பராமரிப்புப் பணத்தையும் யூனிவர்சல் கிரெடிட் வருமானமாகக் கணக்கெடுப்பதில்லை. அது தெரியாமல் அந்தப் பணத்தை ஒளித்து வாங்கி, பின்னர் ஒளித்ததற்காகவே சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே வருகிறார் என்றால் வருகிறார் என்று எழுதுங்கள், எந்தெந்த நாட்கள் என்றும் எழுதுங்கள், அவருடைய லெஸ்டர் வாடகைச் சீட்டையும் அவர் பெயருக்கு அங்கே வரும் கடிதங்களையும் இணையுங்கள் என்றுதான் தங்கையிடம் சொன்னேன்.

ஒரே வீட்டில் ஒன்றாக இருந்துகொண்டு காகிதத்தில் மட்டும் பிரிந்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அது சாமர்த்தியம் அல்ல, களவு. அதன் விலையை அலுமாரிக் கேள்விகளாகக் கட்டுகிறவர்கள் உண்மையாகவே தனித்தனியே வாழ்கிற இந்தத் தங்கையைப் போன்றவர்கள். ஆனால் களவு செய்ய ஆசை காட்டுவது அளவுகோலே என்பதும் உண்மை. சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை என்ற எல்லை தனியாளுக்கும் அதேதான், இருவர் சேர்ந்த இணையருக்கும் அதேதான். சேர்ந்தால் நட்டம் என்று ஓர் அரசு கணக்குப் போட்டு வைத்துவிட்டு, பிறகு யார் சேர்ந்தார்கள் என்று படுக்கையறை வரை தேடுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதற்கு மாற்று எங்கோ வானத்தில் இல்லை. பிள்ளை வளர்ப்பவருக்கு அரசு கொடுக்கும் சைல்ட் பெனிஃபிட் என்ற படி இந்த நாட்டிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. அதன் முன்னோடியான குடும்பப் படிச் சட்டம் 1945இல் வந்தபோது பணத்தைத் தகப்பன் கையில் கொடுப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். எலினர் ராத்போன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி அதைத் தாயின் கைக்கு மாற்றினார். இன்றைய சைல்ட் பெனிஃபிட் முதலில் கேட்பது பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதைத்தான். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் முதல் பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண், அடுத்த பிள்ளைகளுக்கு 17.25 பவுண். ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் பெறலாம் என்பதால், தனித்து வாழும் இணையர் யார் விண்ணப்பிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வேலைக்குப் போகாதவர் விண்ணப்பித்தால் பிள்ளைக்குப் 12 வயது ஆகும்வரை அவருடைய அரச ஓய்வூதியத்துக்கான தேசியக் காப்புறுதிப் பதிவும் சேரும். அவசரத்தில் சம்பளக்காரர் பெயரில் போட்டுவிட்டு இதை இழந்த தாய்மார் பலர். 2013இல் இதற்குள்ளும் வருமானத்தைப் புகுத்தினார்கள் என்பது வருத்தம். இப்போது ஒருவருடைய ஆண்டு வருமானம் 60,000 பவுணைத் தாண்டினால் வரியாகத் திரும்பப் பெறத் தொடங்கி, 80,000இல் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். சேர்ந்து வாழும் இணையர் என்றால் இருவரில் கூடுதலாக உழைப்பவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். ஆக, அந்த ஆறு அடையாளங்களின் கேள்வி இங்கேயும் பின்கதவால் நுழைந்துவிட்டது.

இணையர் என்று சொல்லிப் பணத்தைக் குறைப்பதில் இத்தனை உன்னிப்பாக இருந்த அரசு, இணையர் என்று சொல்லிப் பணம் கொடுக்கவேண்டிய இடத்தில் நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஷிவோன் மெக்லாக்லின், ஜோன் அடம்ஸ் என்பவருடன் 23 ஆண்டுகள் மணம் முடிக்காமல் வாழ்ந்து நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். 2014இல் ஜோன் இறந்தபோது, பிள்ளைகளுடன் தனித்துவிடப்பட்ட துணைக்கான படி அவருக்கு மறுக்கப்பட்டது. காரணம், மணப்பதிவு இல்லை. 2018 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம், அது பிள்ளைகளின் உரிமையைப் பாதிக்கும் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வர 2023 பெப்ரவரி ஆகிவிட்டது.

இதைத் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார்.

"அப்ப, நாளைக்கு இவருக்கு ஒண்டு நடந்தால் எனக்கும் அது கிடைக்கும் என்ன?"

கிடைக்காது. இன்றைய துணையிழப்புப் படியில், பிள்ளை உள்ளவருக்கு முதலில் 3,500 பவுணும் பின்னர் மாதம் 350 பவுணாக 18 மாதங்கள் வரையும் உண்டு. ஆனால் மணம் முடிக்காதவர்களுக்கு, துணை இறந்த நாளில் இருவரும் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் அது கிடைக்கும். தகப்பன் இத்தனை காலம் கட்டிய காப்புறுதிப் பணத்தால் இந்தப் படியில் அந்தக் குழந்தைக்கு ஒரு பவுணும் வராது. சேர்ந்து வாழவில்லை என்று நிரூபிப்பதற்காக நான் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்த லெஸ்டர் வாடகைச் சீட்டுகள் மேசையில் கிடந்தன. தங்கை அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, உறையை என் பக்கம் நகர்த்தி, "போடுங்கோ அண்ணை" என்றார்.