லாரி டிரைவரா மறைஞ்ச பட்டாளத்துக்காரர்

பட்டாளத்துல இருந்து வந்து கடைசி வரைக்கும் லாரி ஓட்டுன ஒரு மனுஷனை இவ்ளோ மரியாதையா நினைச்சு கட்டுரை எழுதுனதுக்கு நன்றிங்க. எங்க பெரியப்பாவும் இதே மாதிரி தான், ஆர்மில கான்வாய் வண்டி, அதாவது வரிசையா சேர்ந்து போற ராணுவ வண்டி ஓட்டிட்டு வந்தவர். கட்டுரைல "பத்திரமா ஓட்டுவார்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, அதுக்குள்ள எவ்ளோ இருக்கு தெரியுமா.

பெரியப்பா கிளம்புறதுக்கு முன்னாடி கம்பியால ஒவ்வொரு டயரையும் தட்டி சத்தம் கேப்பார், இரட்டை டயர்ல உள்பக்கம் காத்து இறங்கியிருந்தா கண்ணுக்குத் தெரியாது, சத்தம் தான் காட்டிக்கொடுக்கும். பிரேக்குக்கான காத்தழுத்தத்தைக் காட்டுற ஏர் பிரேக் கேஜ்ல 100 பிஎஸ்ஐ வராம வண்டியை நகர்த்த மாட்டார், யாரு அவசரப்படுத்துனாலும் சரி. மலை இறக்கத்துல மேலயே சின்ன கியர் போட்டுருவார், பிரேக்கையே மிதிச்சிட்டு இறங்குனா சக்கரத்துல இருக்குற பிரேக் டிரம் சூடாகி பிரேக் பிடிக்காம போயிரும், பாதி இறக்கத்துல கியர் மாத்தலாம்னு நினைச்சா லோடு வண்டில விழவே விழாது. முன்னாடி வண்டிக்கு விடுற இடைவெளியும் கான்வாய் பழக்கம் தான், அங்க ஒரு வண்டி அடிபட்டா பின்னாடி வர்றது மாட்டக் கூடாதுல்ல.

சண்டையைப் பத்தி வீட்ல வாயே திறக்க மாட்டார். ராத்திரி தனியா ஓட்டுறது தான் பிடிக்கும்னு மட்டும் சொல்வார், அதுல ஏதோ நிம்மதி இருந்திருக்கு, அதை நாங்க கேட்டுத் தெரிஞ்சுக்காம விட்டது இன்னும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

உங்க கட்டுரைல வர்றவர்கூட லோடு ஓடுன டிரைவருங்க, கிளீனருங்க யாராச்சும் இருந்தா அவங்ககிட்டயும் பேசி எழுதுங்க ப்ளீஸ், பட்டாளத்துக் கதைக்காவது மெடல், பேப்பர்னு ஏதாச்சும் இருக்கும், ரோட்டுல அவர் எப்படி இருந்தார்னு அவங்களுக்கு மட்டும் தான் தெரியும்.