87-வது படம்

வேலூர், தை மாதம், ராத்திரி எட்டரை மணி. மாடி போர்ஷன் தம்பி மொட்டை மாடியில் முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு, மூச்சு விட்டால் ஆடிவிடுமோ என்று உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பியதா என்று பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா, வந்ததும் வராததுமாக லைட்டைப் போடுகிறார்.

தம்பி: அம்மா! லைட்டு! லைட்டை அணையுங்கள்!

அம்மா: ஐயோ, பாம்பாப்பா?

தம்பி: பாம்பு இல்லைம்மா, நெபுலா. 87-வது படம் போச்சு.

அம்மா: (அணைத்துவிட்டு) என் பெண் கல்யாணத்துக்கே இத்தனை எடுக்கவில்லை. யாரை எடுக்கிறாய்?

தம்பி: அதோ, மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கிறதே...

அம்மா: அது தெரியாதா? அதற்கு மேலே செக்கச்செவேல் என்று இருப்பது திருவாதிரை. களி கிண்டுகிறோமே.

தம்பி: அதேதான்! அந்த மூன்றுக்குக் கீழே மங்கலாக ஒரு திட்டு இருக்கிறது பாருங்கள், அதுதான் ஓரியன் நெபுலா. அங்கே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

அம்மா: பிரசவம் நடக்கிற இடத்தில் போட்டோ எடுக்கலாமா?

தம்பி: அங்கிருந்து வெளிச்சம் இங்கே வரவே சுமார் 1,300 வருஷம் ஆகிறதும்மா. பல்லவர் காலத்தில் கிளம்பியது.

அம்மா: அப்போது பிறந்தது இந்நேரம் ஓடி விளையாடும். சரி, அதற்கு ஏன் 87 படம்?

தம்பி: மொத்தம் 120. ஒவ்வொன்றும் 30 வினாடி, எல்லாம் ஒரே இடம்தான். தனிப் படத்தில் ரவை கொட்டிய மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். நூறு படத்தைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் அந்த ரவை பத்தில் ஒரு பங்காகிவிடும், நெபுலா மட்டும் பளிச்சென்று நிற்கும்.

அம்மா: முறத்தில் புடைக்கிறேன் என்று சொல்லேன். அது என்ன, முடி காய வைக்கிற மெஷினா? உனக்கு இருப்பதே நாலு முடி.

தம்பி: லென்ஸில் பனி இறங்குகிறதும்மா, அதற்கு.

அம்மா: அத்தனை பெரிய மாடியில், தொட்டியோடு ஒட்டிக்கொண்டு ஏன் நிற்கிறாய்?

தம்பி: வானம் நகர நகரக் கேமராவும் கூடவே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரம் எல்லாம் கோடாகிவிடும். அதற்குத் துருவ நட்சத்திரத்தைக் குறி வைக்க வேண்டும். நம் ஊரில் அது 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, எங்கே நின்றாலும் உங்கள் தொட்டி மறைக்கிறது. மூன்று இடம் மாறிக் கடைசியில் இங்கே வந்தேன்.

அம்மா: தொட்டியை நகர்த்தச் சொல்லாதே, ஏற்றவே நாலு ஆள் வந்தார்கள்.

(பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்புகிறது. 120 முடிகிறது. தம்பி லென்ஸை மூடிவிட்டு மறுபடி எடுக்கிறார்.)

அம்மா: தம்பி, மூடியைக் கழற்றவே இல்லை.

தம்பி: வேண்டுமென்றேதான். இருட்டிலும் கேமரா தானாகச் சில புள்ளி போடும், அதைத் தனியாக எடுத்து வைத்துக் கழிக்க வேண்டும். இப்படி 20.

அம்மா: மூடியைப் படம் எடுக்க 10 நிமிஷமா! உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா? ... என்னப்பா, தூறுகிறதே.

தம்பி: ஒரு பொட்டு மேகம்கூட இல்லையேம்மா.

அம்மா: முதுகெல்லாம் நனைகிறது... ஐயையோ, மோட்டார்!

தம்பி: கேமரா! அம்மா, லைட்டைப் போடுங்கள், லைட்டு!