கொய்யா விதைக்கும் குடல்வாலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

"கொய்யா விதை குடல்வாலில் சிக்கித்தான் பிள்ளைகளுக்கு அப்பெண்டிசைடிஸ் (குடல்வால் அழற்சி) வருகிறது, வலித்தால் விளக்கெண்ணெய் கொடுங்கள்" என்று அம்பாசமுத்திரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி ஆபத்து.

விதை சிக்குவது மிக மிக அபூர்வம். பெரும்பாலும் அடைப்பது இறுகிய மலத்துணுக்கு, இல்லையென்றால் ஏதாவது தொற்றுக்கு அப்புறம் அங்கே வீங்கும் நிணநீர்த் திசு. 10 முதல் 19 வயதில்தான் அதிகம், வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். 5 வயதுக்குள் வருவது குறைவு, ஆனால் வந்தால் குடல்வால் வெடிப்பது அவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் எங்கே வலிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, நாமும் சூட்டு வலி, குடலேற்றம் என்று ஒரு நாளை ஓட்டிவிடுவோம்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். வாந்தி, காய்ச்சல் இருக்கும், பிள்ளை காலை மடக்கியே படுத்திருக்கும், ஒரு குதி குதி என்றால் அழும். வலி சட்டென்று குறைந்தால் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள், வெடித்திருக்கலாம். விளக்கெண்ணெயோ, பேதியாக வைக்கும் வேறு மருந்தோ எதுவும் வேண்டாம். ராத்திரியானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் அறுவை சிகிச்சை வசதியுள்ள வேறு இடத்துக்கோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.