அவிஞோனில் அரைப் பாலம்

(தென் பிரான்ஸ். அவிஞோன் நகரில் ரோன் ஆற்றின் மேல் செயின்ட் பெனெசே பாலம். முதுகில் பெரிய பைகளோடு சேகரும் ரங்கனும். இருவருக்கும் போன வருஷம்தான் பணி ஓய்வு. அதற்குள் இந்த ஆசை.)

சேகர்: டேய், பாலம் முடிந்துவிட்டதே!

ரங்கன்: ஆமாம், இவ்வளவுதான்.

சேகர்: ஆறு இன்னும் முடியவில்லையேடா!

ரங்கன்: மொத்தம் 22 வளைவு இருந்ததாம். வெள்ளம் வரும்போதெல்லாம் இடியும், இவர்கள் திரும்பக் கட்டுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் போதுமடா சாமி என்று விட்டுவிட்டார்கள். மிச்சம் 4.

சேகர்: அப்படியென்றால் டிக்கெட்டிலும் 22-இல் 4 பங்குதானே வாங்க வேண்டும்? நீ முழுசாகக் கொடுத்தாயே!

ரங்கன்: வரலாற்றில் பேரம் பேசக் கூடாது.

சேகர்: ரயிலில் மட்டும் பேசலாமோ? டிஜிவி என்ற அதிவேக ரயில் நிற்கும் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வர 5 நிமிஷ ரயில். "நாம் பேக்பேக்கர்கள், நடப்போம்" என்று என்னை இழுத்து வந்தாய்.

ரங்கன்: பேச்சை மாற்றாமல் அங்கே பார். போப்பாண்டவர் மாளிகை.

சேகர்: போப் ரோமில் அல்லவா இருப்பார்?

ரங்கன்: அங்கே ஒரே அடிதடி. 1309-இல் இங்கே வந்தவர்கள் 1377 வரை நகரவில்லை. நடுவில் 1348-இல் நேப்பிள்ஸ் ராணியிடமிருந்து இந்த ஊரையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். 80,000 தங்கக் காசு!

சேகர்: அவர் ஊரையே வாங்கினார். நீ எனக்கு ஒரு ரயில் டிக்கெட் வாங்கவில்லை.

(மிஸ்ட்ரல் காற்று வீசுகிறது. வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியே வரும் காற்று; தொப்பி, கண்ணாடி, மானம் எதையும் பார்க்காது.)

சேகர்: ஐயோ, தொப்பி போச்சு! நீ பார்த்து, பறந்துவிடப் போகிறாய்.

ரங்கன்: நான் கம்பியைப் பிடித்திருக்கிறேன். நீ பறக்கமாட்டாய், உன் பை கனம்.

சேகர்: அதைத்தான் கேட்க நினைத்தேன். நான் வைக்காத ஏதோ ஒன்று காலையிலிருந்து முதுகில் இடிக்கிறதே, என்னடா அது?

ரங்கன்: குக்கர். சின்னதுதான், மூன்று லிட்டர்.

சேகர்: குக்கரா! என் பையிலா?

ரங்கன்: என் பையில் இடமில்லை. மணி என்ன?

சேகர்: இரண்டரை.

ரங்கன்: பார்த்தாயா? இங்கே பாதி ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு 2 மணியோடு சரி. இனிமேல் ராத்திரிதான். விடுதியில் பொதுச் சமையலறை இருக்கிறது, அரிசி பருப்பு இருக்கிறது. இப்போது குக்கரைத் திட்டு பார்ப்போம்.

சேகர்: (எச்சில் விழுங்கியபடி) ...திட்டவில்லை. நாளைக்கு எந்த ஊர்?

ரங்கன்: கார்க்கசோன். கோட்டையில் 52 கோபுரம்.

சேகர்: எத்தனை மிச்சம்?

ரங்கன்: எல்லாம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர் பழுது பார்த்துவிட்டார்.

சேகர்: அவரை இந்தப் பாலத்துக்கும் கூப்பிட்டிருக்கலாம். சரி வா, பசி உயிர் போகிறது. பையில் கேஸ்கட் இருக்கிறதா?

ரங்கன்: இருக்கிறது.

சேகர்: வெயிட்?

ரங்கன்: அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

சேகர்: ஏன்டா?

ரங்கன்: பாவம், உனக்குக் கனமாக இருக்குமே என்றுதான்.