வெஜிமைட்டைக் கரண்டியில் கொடுக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவுக்கு வரும் விருந்தாளிக்கு அங்கே ரொட்டியில் பூசித் தின்னும் கரிய விழுதான வெஜிமைட்டை ஒரு கரண்டி கொடுத்து, அவர் முகம் கோணுவதைப் படம்பிடித்துப் போடுவதை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு அவர் அந்த ஜாடிப் பக்கமே திரும்பமாட்டார். பெருங்காயக் கட்டியைக் கடிக்கக் கொடுத்துவிட்டு எங்கள் ஊர்ச் சாம்பார் எப்படி என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களே அதிகம். சாக்லேட் போல இருப்பதால் நாக்கு இனிப்புக்குத் தயாராகிறது. ஆனால் ஜாடியில் இருப்பது பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டின் சாறு. உப்பும் இளஞ்சூடும் சேரும்போது ஈஸ்ட் செல்கள் மடிந்து, அவற்றுக்குள் இருக்கும் நொதிகளே புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. சக்கையை வடித்துச் சாற்றைச் சுண்டவைத்தால் இந்தக் கரிய விழுது. அப்படி உடைந்து வந்த குளூட்டமேட் என்ற அமினோ அமிலம்தான் அதன் ருசி. முற்றிய பாலாடைக்கட்டியிலும் காளானிலும் இருக்கும் அதே ருசி. கூடவே நூற்றுக்குச் சுமார் எட்டுப் பங்கு உப்பு, கடல்நீரைவிட இரு மடங்குக்கு மேல். எனவே இதை ஜாம் வரிசையில் வைக்காதீர்கள், ஊறுகாய் வரிசையில் வையுங்கள்.

முதல் தடவைக்கு இனிப்பில்லாத வெள்ளை ரொட்டி ஒரு துண்டு. மில்க் பிரெட் வேண்டாம், இனிப்பும் இந்தக் கசப்பும் ஒட்டாது. பொன்னிறமாக டோஸ்ட் செய்யுங்கள். கருகினால் அந்தக் கசப்பும் சேர்ந்துகொள்ளும். சூடு ஆறும் முன் உப்பில்லாத வெண்ணெய் இரண்டு டீஸ்பூன், ஓரம்வரை. அது பாதி உருகியதும் பச்சைப் பட்டாணி அளவு வெஜிமைட்டைக் கத்தி நுனியில் எடுத்து இழுத்துவிடுங்கள். எல்லா இடமும் கறுக்கக் கூடாது. வெண்ணெயின் மஞ்சளுக்கு நடுவே பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அளவு சரி.

வரிசை மாறினால் கெடும். வெண்ணெய் இல்லாத ரொட்டியில் இந்த விழுது நகராது. கத்தியை அழுத்தினால் ரொட்டி கிழியும், ஒரே இடத்தில் கட்டியாக நிற்கும், அந்தக் கடிதான் ஆளை விரட்டும். கொழுப்பு உப்பின் வேகத்தைத் தணித்து ருசியை வாய் முழுக்கப் பரப்புகிறது. வெண்ணெய் வேண்டாம் என்றால் மசித்த அவகாடோ அதே வேலையைச் செய்யும். பழகியபின் கால் டீஸ்பூன்வரை போகலாம். அதற்கு மேல் தேவை என்று நான் நினைக்கவில்லை. ஒரே நாளில் பிடித்துவிட வேண்டும் என்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் விட்டு இதே அளவில் சில தடவை சாப்பிட்டால் நாக்கு வழிக்கு வந்துவிடும்.

இதே போன்ற ஈஸ்ட் விழுதான மார்மைட் வேறு. 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் தொடங்கியது, வெல்லப்பாகு போல ஒழுகும். முதல் உலகப்போரில் அதன் வரத்து தடைபட்ட பிறகுதான் மெல்போர்னில் சிரில் காலிஸ்டர் வெஜிமைட்டை உருவாக்கினார்; 1923இல் கடைக்கு வந்தது. நியூசிலாந்து மார்மைட்டில் சர்க்கரையும் கேரமலும் உண்டு. மூன்றில் எது கையில் கிடைத்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இலங்கைத் தமிழருக்கு இந்தப் பாடம் தேவைப்படாது. பாணில் (ரொட்டியில்) பட்டரோடு மார்மைட் பூசுவதும், சுடுநீரில் ஒரு தேக்கரண்டி கரைத்துத் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து குடிப்பதும் அங்கே பழகிய விஷயம். தண்ணீரில் கரைத்தால் இது ஒரு ரசம்தான். நம் பக்கத்தில் இன்னொரு பெரிய கதையும் உண்டு. பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த ஒருவகை ரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற மருத்துவர் மார்மைட் கொடுத்துக் குணப்படுத்தி 1931இல் எழுதினார். அதிலிருந்த மருந்துப் பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி12 வைட்டமின் இதில் தானாக வராது, சேர்த்தால்தான் உண்டு. மார்மைட்டில் சேர்க்கிறார்கள், சாதாரண வெஜிமைட்டில் இல்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள். மன அழுத்தத்துக்கு எம்ஏஓஐ வகை மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்; இதிலுள்ள டைரமின் என்ற பொருள் அந்த மருந்தோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றும். பார்லி இருப்பதால் குளூட்டன் ஆகாதவர்களுக்கும் சரிப்படாது.

ரொட்டியில் பிடிக்காமலே போனாலும் ஜாடியைத் தூக்கிப் போடாதீர்கள். இருவருக்கு 200 கிராம் ஸ்பாகெட்டி வேகவையுங்கள், தண்ணீரில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் வெண்ணெயை உருக்கி, முக்கால் டீஸ்பூன் வெஜிமைட் அல்லது மார்மைட், ஸ்பாகெட்டி வெந்த நீர் மூன்று மேசைக்கரண்டி விட்டுக் கலக்கினால் பளபளவென்று ஒன்றுசேரும். அதில் ஸ்பாகெட்டியைப் புரட்டித் துருவிய சீஸ் தூவுங்கள். அந்த வெந்த நீரை விட மறந்தால் வெண்ணெய் தனியே, விழுது தனியே திரிந்து நிற்கும்.