தோட்டத்தைச் சுத்தம் செய்பவரும் காட்டைக் கொளுத்துவார்

காட்டுத்தீ என்றதும் நமக்குக் கோடைதான் நினைவுக்கு வருகிறது. பழிபோட ஆள் வேண்டுமென்றால், சிகரெட்டை வீசிவிட்டுப் போகும் யாரோ ஒரு பொறுப்பற்றவர். இந்த இரண்டிலுமே எனக்கு உடன்பாடு இல்லை.

அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத்தீக்களில் 84 சதவீதம் மனிதர்களால் பற்றியவை. மின்னல் பெரும்பாலும் கோடையில்தான் வேலையைக் காட்டும். வசந்தத்தில் எரிபவை ஏறக்குறைய நம்முடைய கைங்கரியம். அதில் முன்வரிசையில் நிற்பது குப்பையும் சருகும் எரிப்பது. அதாவது ஒழுங்காக வீட்டைச் சுற்றிப் பெருக்கிக் கூட்டி, குவித்து, தீக்குச்சி கிழிக்கும் மனிதர். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உய்சோங் பகுதியில் தொடங்கிய தீ, குடும்பக் கல்லறையைச் சீர்செய்யப் போன இடத்தில் பற்றியதாகத்தான் அதிகாரிகள் சொன்னார்கள். அந்த நாட்களில் அந்நாட்டில் பரவிய தீக்களில் 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட கோவுன்சா பௌத்த மடத்தின் பெரும்பகுதி சாம்பலானது. முன்னோருக்கு மரியாதை செய்யப் போவது எந்த விதத்தில் பொறுப்பின்மை?

ஏமாற்றுவது வசந்தம்தான். பனி உருகி மண் சொதசொதவென்று இருக்கும், காற்றில் குளிர் இருக்கும். ஆனால் அந்த ஈர மண்ணின் மேல் கிடப்பது போன வருடத்துச் செத்த புல். புல், சருகு, பென்சிலைவிட மெல்லிய சுள்ளி ஆகியவற்றைத் தீயணைப்புத் துறையினர் ‘ஒரு மணி நேர எரிபொருள்’ என்று வகைப்படுத்துகிறார்கள். வெயிலும் காற்றும் பட்டால் அவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில்தானே மழை பெய்தது என்று மதியம் கொளுத்துபவரின் கணக்கு இங்கேதான் தப்புகிறது. மரங்களும் இன்னும் இலை விட்டிருக்காது. வெயில் நேராகத் தரையில் இறங்கும், காற்றை மறிக்கவும் ஒன்றும் இருக்காது.

இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட சட்டம் ஒன்று உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 30 வரை, காட்டுக்கோ காய்ந்த புல்வெளிக்கோ 300 அடிக்குள் மாலை 4 மணிக்கு முன்பு திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது. மாலையில் காற்று தணியும், ஈரப்பதம் ஏறும் என்ற எளிய நியாயம்தான். நியூயார்க் மாநிலம் இன்னும் கறார்: மார்ச் 16 முதல் மே 14 வரை வீட்டுச் சுள்ளி எரிப்புக்கே தடை. அதிகாரிகளின் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். என் ஓட்டு நியூயார்க்குக்குத்தான்.

ஏனென்றால் அணைத்தேன் என்று ஒருவர் சொல்வதை நான் நம்புவதில்லை. நீறுபூத்த நெருப்பு என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? நியூ மெக்சிகோவில் 2022 ஜனவரியில் வனத்துறையினர் மரக்கழிவுக் குவியல்களை எரித்தார்கள். மேலே பனி விழுந்து மூடியது. உள்ளே கங்கு மூன்று மாதம் கிடந்து, ஏப்ரல் காற்றில் உயிர் பெற்று எழுந்தது. அதே துறை திட்டமிட்டு மூட்டி, கைமீறிப் போன இன்னொரு தீயுடன் சேர்ந்து 3,41,000 ஏக்கரை விழுங்கியது. பயிற்சி பெற்றவர்களின் கதியே இது என்றால், தோட்டத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்பவரைப் பற்றி என்ன சொல்ல?

வாளித் தண்ணீரைக் கொட்டி, புகை அடங்கியதும் உள்ளே போய்விடுகிறார்கள். கொட்டிய பிறகு மண்வெட்டியால் அடிவரை கிளற வேண்டும், மறுபடி கொட்ட வேண்டும். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்; லேசாகச் சூடு தெரிந்தாலும் தீ இன்னும் அணையவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி, காய்ந்த புல்மேல் நிறுத்திய காரின் சூடான புகைபோக்கி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவை எதிர்பாராமல் நேர்பவை. சருகுக் குவியலுக்கு நாமே குனிந்து நெருப்பு வைக்கிறோம். ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டால் தானாக மக்கி உரமாகிற பொருளுக்கு!